டீ ஏன் கறுத்தது?

பதினோராயிரத்து நானூற்று நாற்பது. சின்னவள் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய கடன் அவ்வளவு. அது கை நீட்டி வாங்கிய கடன் இல்லை, தலையில் கட்டிய கடன். சட்டைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் நர்சம்மா அறை இருக்கிறது. அங்கே அலமாரியில் வைத்திருந்த கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரையில் பதினோரு டப்பா காணோம். டப்பா ஒன்று ஆயிரத்து நாற்பது. பெருக்கிப் பார்த்து, காலர் தைக்கிற ஏழு மாதக் கர்ப்பிணி சின்னவள் பெயரில் எழுதிவிட்டார்கள். சாயங்கால மணி அடிப்பதற்குள் ‘நான்தான் எடுத்தேன்’ என்று கையெழுத்துப் போட்டால், பிரசவ விடுப்புப் பணத்தில் கழித்துக்கொள்வார்களாம். போடாவிட்டால் விடுப்பும் இல்லை, வேலையும் இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்குத்தான். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீட்டில் அடுப்பு எரியாது.

அடுப்பு எரிகிறதோ இல்லையோ, அண்ணன்காரன் விசிலுக்கு வயிறு எரிந்தது. விசில் முன்பு பேருந்தில் நடத்துனராக இருந்தவன். கூட்ட நேரத்தில் படியை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு வாலிபனைப் பார்த்து, “உள்ள போய் நில்லுய்யா, இது என்ன உங்கப்பன் வீட்டு வண்டியா?” என்று கேட்டான். அது அவனுடைய அப்பன் வீட்டு வண்டியேதான். மறுநாள் காலையில் விசிலுக்கு வேலை போயிற்று, வாய் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து அக்கா வீட்டுக்காரரிடம் உதவியாளாக இருக்கிறான்.

அக்கா வீட்டுக்காரர்தான் துப்பறியும் தராசு. ஒரு காலத்தில் சந்தைக் கடைகளில் எடைக்கல் சரிபார்க்கப் போனவர். தட்டில் யார் கட்டைவிரல் வைத்து அழுத்துகிறான் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு பக்கமும் நிறுத்துப் பார்ப்பார். அந்த மிச்ச நேரத்தில் விசில் நாலு வார்த்தை பேசிவிடுவான். தொழில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வழக்கை அவர் எடுத்துக்கொண்டார் என்பதைவிட, வீட்டுக்காரி எடுத்துக் கையில் கொடுத்தாள் என்பதே சரி. தங்கச்சி பெயரில் அந்தக் கடன் இருக்கும்வரை இந்த வீட்டில் உலை கொதிக்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். தராசு வெறும் வயிற்றோடு சின்னவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணுக்குக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். இரண்டும் சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி வெளுத்திருந்தன. பிறகு மனைவியின் காதில் ஏதோ கேட்கச் சொன்னார். மச்சினிச்சியிடம் ஆம்பளை நேராகக் கேட்க முடியாத கேள்வி. அக்கா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, சாதாரண நிறந்தான் என்றாள்.

“அப்ப இவ எடுக்கல,” என்றார் தராசு. “அந்த மாத்திரையில இரும்புச் சத்து இருக்கு. தின்னா காலையில கறுப்பாப் போகும். ரெண்டு பிள்ளை பெத்தவ நீ, உனக்குத் தெரியாதா? பதினோரு டப்பா தின்னவளுக்கு உதடு வெளுக்குமா?”

எடுத்து வெளியில் விற்றாள் என்று சொன்னால் என்ன செய்வது என்று விசில் கேட்டான். வாங்கித் தின்னவன் எவனாவது இருப்பானே, அவனைப் பிடிப்போம் என்றார் மாமா. தின்றவனைப் பிடிப்பதுதான் அன்றைய வேலை.

விசாரணைக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்பது கம்பெனி விதி. சொந்தக்காரர்கள் என்ற பெயரில் இருவரும் மத்தியானம் உள்ளே போனார்கள். வாசலில் பெரிய படம்: புடைத்த வயிறும் பூரித்த கன்னமுமாக ஒரு பெண் மாத்திரையைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே ‘எங்கள் முதல் அக்கறை தாய்’ என்று எழுதியிருந்தது.

“இந்தம்மா இங்க வேலை பார்த்ததில்ல மாமா,” என்றான் விசில். “கன்னத்துல சதை இருக்கு.”

மேல்மாடியில் மேனேஜர் அவர்களை உட்காரச் சொல்லாமலே வரவேற்றார். நல்ல பாறாங்கல் மாதிரி வழுவழுப்பான தலை. மேலே சுற்றுகிற மின்விசிறி அதில் தெரிந்தது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் புதுச் சீப்பு ஒன்று. ஆள் பேசப் பேச முகம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. எங்கேயோ வலிக்கிறவர் போல ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

துணி வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் கடல் தாண்டி அனுப்பிய மாத்திரை அது என்றார். ஏழைத் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுத்த தர்மத்தில் கைவைத்துவிட்டார்களே என்று உருகினார். அந்த அறையில் தலை சுற்றுது, தலை சுற்றுது என்று அடிக்கடி போய்ப் படுத்தவள் அவள் ஒருத்திதான். அதற்குமேல் சாட்சி எதற்கு?

“கர்ப்பிணி மாத்திரையைக் கர்ப்பிணி எடுக்காம வேற யாருய்யா எடுப்பா?” என்றார். அதைச் சொல்லி முடிக்கும்போதே முகம் இறுகியது. இதோ வருகிறேன் என்று எழுந்து வேகமாகத் தாழ்வாரத்துக் கோடிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் விசில், “வழுக்கைத் தலைக்குச் சீப்பு எதுக்கு மாமா? முதுகு சொறியவா?” என்றான். தராசு சிரிக்கவில்லை. அவன் சொன்னதைத் தட்டில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தார்.

நர்சம்மா அறை எதிரில்தான். அலமாரிக்கு இரண்டு சாவி என்றாள் நர்சம்மா. ஒன்று தன் இடுப்பில், மற்றது பாதுகாப்புக்காக ஆபீசில். ஆபீஸ் என்றால் யார் என்று கேட்டதற்கு, ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான் என்று கதவைச் சாத்தினாள். சாத்திய வேகம் விசிலுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதமாக ஏழு கர்ப்பிணிகளுக்கும் மாத்திரை கொடுக்காமல், ஸ்டாக் இல்லை என்றே சொல்லியிருக்கிறாள் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்த அன்று மட்டும் எங்கிருந்தோ ஒரு டப்பா வந்தது. பெண்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு மாத்திரையை உதட்டுவரை கொண்டுபோகச் சொல்லிப் படம் பிடித்தார்கள். படம் பிடித்ததும் மாத்திரையைத் தட்டில் திருப்பி வைக்க வேண்டும். செலவுக் கட்டுப்பாடு.

“நல்லவேளை, பெத்த பிள்ளையையும் படம் எடுத்துட்டுத் திருப்பி வைக்கச் சொல்லல,” என்றான் விசில்.  அன்றைக்கு வரிசையில் நின்றவள் அவனுடைய தங்கச்சி.

முற்றத்துக் கொட்டகையில் டீக்காரர் அடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தார். தராசு இரண்டு டீ வாங்கினார். பேச்சுக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிற ஆள் அவர். மேல்மாடிக்கு டீ கொண்டுபோக அவருக்குத் தடையாம், ஒரு வாரக் கூலியும் பிடித்தமாம். காரணம் கேட்டால் மானக்கேடு என்றார். மேல்மாடிக்காரர்கள் உடம்பு இளைக்கப் பாலில்லாத டீ குடிக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் நர்சம்மா மாடிப்படியிலிருந்து கத்தியிருக்கிறாள்: டீயில் என்ன மையையா கலக்கினாய், கன்னங்கரேல் என்று இருக்கிறதே என்று. அடுத்த வாரமும் அதே கூச்சல்.

“நான் பேனாவே பிடிச்சதில்ல தம்பி, மைக்கு எங்க போவேன்?” என்றார் டீக்காரர். ஒரே பாத்திரத்து டீயைத்தான் இரண்டு கோப்பையில் ஊற்றி அனுப்பினாராம். ஒரு கோப்பை நல்லபடி திரும்பி வந்தது. இன்னொன்றின் அடியில் செங்கல் நிறத்தில் ஏதோ மண்டி. எது யார் கோப்பை என்று அவருக்குத் தெரியாது. மேலே டீ குடிப்பது இரண்டே பேர்: மேனேஜர், நர்சம்மா. மூன்றாவது ஆளான கணக்கர் கண் ஆபரேஷனுக்குப் போய் மூன்று மாதமாகிறது.

விசில் தொடையைத் தட்டினான். கூச்சல் போட்டது நர்சு, சாவி இடுப்பில் தொங்குவது நர்சு, ஸ்டாக் இல்லை என்றது நர்சு. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிறது என்றான். டீக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தால், அவருக்கு அது மட்டும்தான் புரிந்த மாதிரி இருந்தது.

மறுபடி நர்சம்மா கதவைத் தட்டினார்கள். தராசு திருட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மச்சினிச்சிக்கு வெளியில் மாத்திரை வாங்கிக் கொடுக்கப்போகிறோம், டீயோடு முழுங்கலாமா என்று அப்பாவியாகக் கேட்டார்.

நர்சம்மா அப்படியே பொங்கினாள். “டீயோடயா? டீ இரும்பைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும்யா. உடம்புல ஒண்ணும் சேராது. தண்ணியில முழுங்கணும், எலுமிச்சம்பழ ஜூஸ்னா இன்னும் நல்லது. சம்பள நாளுக்குச் சம்பள நாள் தொண்டை கிழியச் சொல்றேன். உங்க வீட்டுப் பொண்ணு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.”

ஏழு பேருக்கும் தெரியுமா என்று கேட்டார் தராசு. ஏழு பேர் என்ன, வீட்டில் நாத்தனார்வரை சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்றாள். மேசையில் பாதி அறுத்த எலுமிச்சம்பழம் இருந்தது. கடைசியாக, ஸ்டாக் இருந்தும் இல்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டபோது அவளுடைய குரல் இறங்கியது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு டப்பா குறைவாகவே இருக்குமாம். மேலே சொன்னால், உன்னிடம்தானே சாவி இருக்கிறது என்பார்களோ என்று பயம், அதனால் யாருக்கும் கொடுக்காமல் ஸ்டாக் இல்லை என்றே சொல்லிவிட்டாளாம். அவளுக்கும் வீட்டில் மூன்று வாய் இருக்கிறது.

வெளியே வந்ததும் விசிலுக்கு இரண்டு டீயும் வேலையைக் காட்டின. கீழே தொழிலாளர் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். ஒரு தையல் வரிசைக்கு ஒரே டோக்கன். போனவள் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். ஏழு மாத வயிற்றோடு தங்கச்சி அந்தத் தகரத் துண்டுக்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தபோது அவன் வாய்க்கு ஜோக்கு எதுவும் வரவில்லை. மேல்மாடிக் கோடியிலிருந்த ஆபீசர் கழிப்பறைக்கே போனான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நின்றான். ஒற்றைக் காலில் நின்றான். உள்ளே ஒரு நீண்ட முனகல், கொஞ்சம் மூச்சு வாங்கல், மறுபடி முனகல். தட்டினான். ‘ஆள் இருக்கு’ என்று மேனேஜர் குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

ஓடி வந்து சொன்னான். “மாமா, உள்ள பிரசவம் நடக்குது. என்ன குழந்தைன்னு தெரியல, தலை மட்டும் இன்னும் வரல.”

தராசு முதல் தடவையாகச் சிரித்தார். “மாப்ளே, உங்கக்கா ரெண்டு பிள்ளைக்கும் இரும்பு மாத்திரை தின்னப்ப என்ன சொல்லிப் புலம்பினா?”

விசில் யோசித்தான். பாதி நாள் கழிப்பறையிலேயே குடியிருந்தாள். கல்லாகக் கட்டிக்கொண்டது என்று அழுதாள். அவன் வாய் பிளந்தது. பிளந்த வாயாலேயே, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்று மாமாவுக்குச் சொன்னான்.

“முழங்கால் வேண்டாம்டா. மொட்டைத் தலை மட்டும் போதும்,” என்றார் தராசு. “இந்த மாத்திரையை டீயோட தின்னக் கூடாதுன்னு நர்சம்மாவுக்குத் தெரியும். ஏழு பொண்ணுங்களுக்கும் தெரியும். தெரியாத ஆள் ஒருத்தர்தான். தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்துல அவர் ஒரு நாளும் உக்காரல. டீக்காரரை மட்டும் வரச் சொல்லு.”

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து அறைக்குத் திரும்பியபோது அங்கே கூட்டமாக இருந்தது. சின்னவளை மெஷினிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்து சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். மேசையில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய தாள். பக்கத்தில் நர்சம்மா. தடையை மீறி வந்த பயத்தில் டீக்காரர் தட்டோடு கதவோரமே நின்றார். அவரை யார் மேலே விட்டது என்று மேனேஜர் சீறினார்.

சொந்தக்காரர்கள் வந்திருக்கிறோம், ஒரு வாய் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துக்குப் போகலாமே என்று தராசு குழைந்தார். அலமாரியில் மிச்சமிருந்த டப்பாவிலிருந்து நர்சம்மாவிடம் ஒரு மாத்திரை வாங்கினார். அது பட்டாணியை நீட்டி இழுத்த மாதிரி பெரிசாக இருந்தது. கரண்டியால் நசுக்கி, பாலில்லாத டீயில் போட்டுக் கலக்கி, மேனேஜர் முன்னால் வைத்தார்.

சிவப்பாக இருந்த டீ பழுப்பாகி, இருண்டு, கடைசியில் கன்னங்கரேல் என்று நின்றது. அடியில் செங்கல் நிற மண்டி தங்கியது. டீக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இதுதான், இதேதான் என்றார். அந்த இரண்டு நாளும் கறுத்த கோப்பை யாருடையது என்று தராசு நர்சம்மாவைப் பார்த்துக் கேட்டார். சார் கோப்பைதான், என்னைக் கூப்பிட்டுக் காட்டிக் கத்தச் சொன்னதே சார்தான் என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

“எனக்குத் தலைவலி,” என்றார் மேனேஜர்.

“வலி சரி. தலையில வேற ஏதாவது எதிர்பார்த்தீங்களா?” என்றார் தராசு. கையை நீட்டி, அவருடைய சட்டைப் பையிலிருந்து சீப்பை உருவி மேசைமேல் வைத்தார்.

 மேனேஜர் மடை திறந்தார். அவருடைய மனைவி கர்ப்பமாக இருந்தபோது இதே மாதிரி மாத்திரை தின்றாளாம். அப்போது அவளுக்கு முடி அடர்ந்து அலை அலையாக இறங்கியதாம். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு மாத்திரைமேல் கண். ஆபீஸ் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து போட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று கணக்குப் போட்டார். மாத்திரை பெரிசு, தொண்டையில் இறங்கவில்லை, அதனால் இரண்டு தடவை டீயில் ஊறப் போட்டுப் பார்த்தார், மற்ற நாளெல்லாம் உடைத்துத் தண்ணீரில் முழுங்கினார். டீ ஏன் கறுத்தது என்று அவருக்கே தெரியவில்லை. சத்தியமாக டீக்காரன்தான் ஏதோ கலந்தான் என்று நினைத்தாராம். எண்ணிக்கையில் குறைவது தெரிந்துபோனதும் எழுத ஒரு பெயர் வேண்டியிருந்தது.

“முடி வளர்ந்தது மாத்திரையால இல்ல சார்,” என்றாள் நர்சம்மா. பயம் தெளிந்து, பாடம் நடத்துகிற குரல் திரும்பி வந்திருந்தது. “பிள்ளை வயித்துல இருந்ததால. கர்ப்பமா இருக்கறப்ப உடம்பு முடியை உதிர விடாது, அதான் அடர்த்தியாத் தெரியும். பெத்த பிறகு கொத்துக் கொத்தாக் கொட்டியிருக்குமே, அதைப் பார்க்கலியா? உங்களுக்கு அந்த வழி கிடையாது. இரும்பை அளவுக்கு மீறித் தின்னா ஈரலுக்குத்தான் கேடு. நாளைக்கே ரத்தம் பரிசோதிச்சுக்கோங்க.”

விசில் மேனேஜரின் தலையை எட்டிப் பார்த்தான். ஒரு பூனை முடிகூட இல்லை. “பதினோரு டப்பா உரம் போட்டும் ஒரு புல்லு முளைக்கலயே சார். பாறையில விதைச்சா இப்படித்தான்.”

மேனேஜர் கும்பிடுகிற கையோடு தராசு பக்கம் திரும்பினார். எண்ணிக்கைப் பிழை என்று எழுதிவிடலாம், கடனைத் தள்ளுபடி செய்துவிடலாம், பொருள் கம்பெனியுடையது, யாருக்கும் நஷ்டமில்லை, விஷயம் இந்த நாலு சுவரைத் தாண்ட வேண்டாம் என்றார். தராசு சுவரோரம் நின்றவளைப் பார்த்தார். நிறுக்க வேண்டியது அவள்.

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருக்கு நிற்க வேண்டியதாயிற்று. மேசைத் தாளைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“யாருக்கும் நஷ்டமில்லயா சார்?” என்றாள். “ரெண்டு மாசம் ஏழு பேருக்கு மாத்திரை இல்ல. போன வாரம் கண்ணு இருட்டி, ஊசி என் விரல்ல இறங்குச்சு. என் பிள்ளைக்குப் போக வேண்டியதை உங்க தலையில தடவிக்கிட்டீங்க.”

மேனேஜர் தாளைக் கிழிக்கக் கை நீட்டினார்.

“இந்தத் தாளைக் கிழிக்க வேண்டாம்,” என்றாள் அவள். “தொகை சரியாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்துங்க. டீக்கார அண்ணன்கிட்ட பிடிச்ச ஒரு வாரக் கூலியையும் கீழ சேர்த்து எழுதுங்க. என்னை மெஷின்லேருந்து எழுப்பி இங்க நிக்க வச்ச நேரத்துக்குச் சம்பளம் வெட்டக் கூடாது, அதையும் எழுதுங்க.”

பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவன்கூட அவ்வளவு யோசிக்க மாட்டான். மேனேஜர் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். சின்னவள் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் தன் பெயரைப் பொடி எழுத்தில் எழுதினார். பெரிசா எழுதுங்க சார், கணக்கர் கண் ஆபரேஷன் பண்ணினவர் என்றான் விசில். பெரிதாகத் திருத்தி எழுதினார். நர்சம்மாவும் டீக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். டீக்காரர் பேனாவைப் பிடிக்கத் தெரியாமல் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்.

சம்பளத்தில் பிடிக்க எழுதினால் எத்தனை மாதமாகும் என்று மேனேஜர் கணக்குப் போட ஆரம்பித்தார். சின்னவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, சம்பள உறையைப் பிரித்து, பதினோராயிரத்து நானூற்று நாற்பதையும் டீக்காரர் கூலியையும் எண்ணி மேசையில் வைத்தார். நர்சம்மா கம்பெனிப் பணத்தை வாங்கி ரசீது எழுதினாள். தாளின் குறுக்கே ‘தீர்ந்தது’ என்று எழுதி, தேதி போட்டு, சின்னவள் கையில் கொடுத்தாள்.